நாளைக் குறைப்பதா, நேரத்தைக் குறைப்பதா?

வாரத்துக்கு நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்பது ஐடி நிறுவனத்தாரின் பேச்சு என்று பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது தொழிற்சாலைத் தொழிலாளியின் பெயரால்தான் சட்டமன்றத்துக்கு வந்தது. தினசரி வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. வாரம் 48 மணி என்ற வரம்பு மாறாது, விரும்பும் தொழிலாளர்கள் நான்கு நாளில் வேலையை முடித்துக்கொண்டு மூன்று நாள் விடுமுறை எடுக்கலாம் என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாள் கழித்து மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்.

மசோதா போனாலும் கேள்வி போகவில்லை. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. நாளுக்குப் பன்னிரண்டு மணி வீதம் நான்கு நாள் வேலை, மிச்சம் மூன்று நாள் ஊதியத்துடன் விடுமுறை என்ற ஏற்பாட்டுக்கு அவற்றில் இடமுண்டு என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் விளக்கியிருக்கிறது. இந்த ஏற்பாடு யாருக்கு நல்லது என்பதை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை தோல் தொழில் வட்டாரத்தில் நின்று பார்ப்பதே சரி. வேலை நாள் என்பதன் பொருளே தலைமுறைக்குத் தலைமுறை மாறிய பூமி அது.

அன்று: தோல் வைத்த கணக்கு

பாலாற்றங்கரையில் தோல் பதனிடுதல் பெருந்தொழிலாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சுற்றிலும் ஆவாரஞ்செடி மண்டிக் கிடந்தது, ஆற்று மணலைத் தோண்டினால் தண்ணீர் வந்தது. உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. பல நாள் அதில் கிடந்து முடி தளர்ந்ததும், சாய்த்து வைத்த கட்டையின்மேல் தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் முடியையும் மறுபுறம் ஒட்டியிருக்கும் சதையையும் வழித்தெடுப்பார்கள். அதன்பின் ஆவாரம் பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் மாற்றி மாற்றிப் போட்டு, கடுக்காய் நீரில் ஊறவைத்து, எண்ணெய் பூசி, நிழலில் உலர்த்துவார்கள். ஒரு தோல் முழுதாகப் பதப்பட வாரக் கணக்கில் ஆகும்.

அங்கே வேலை நேரத்தைத் தீர்மானித்தது கடிகாரம் இல்லை. பச்சைத் தோல் காத்திருக்காது, அழுகும். சுண்ணாம்பில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் தோல் கெடும். தோலைத் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டிய நாள் பண்டிகையானாலும் மழையானாலும் ஆள் வந்தாக வேண்டும். முழங்கால் வரை சுண்ணாம்பு நீரில் நின்ற கால்களில் தோல் உரிந்து புண்ணாகும். அந்தக் கால்கள் பெரும்பாலும் தலித் மக்களுடையவை. வேறு சாதியார் தொட மறுத்த வேலை என்பதால் அவர்கள் தலையில் விழுந்த வேலை அது.

அந்த நாளில் சட்டமும் எட்டத்தில்தான் நின்றது. 1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 60 மணி என்றது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 54 ஆக்கியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த அம்பேத்கர் முன்னெடுத்த திருத்தத்தின் பயனாக 1946-இல் அது 48 ஆனது. ஆனால் இந்தச் சட்டங்கள் பொதுவாக எந்திர விசையில் ஓடும் ஆலைகளைத்தான் தொழிற்சாலை என்று கணக்கில் வைத்தன. கையால் வழித்து, கையால் பட்டைச் சாறு ஊற்றிய தோல் ஷாப்புகள் பல அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தன. மின்சாரம் இல்லாவிட்டாலும் இருபது பேர் வேலை செய்தால் அதுவும் தொழிற்சாலைதான் என்று பொது விதியாகவே வரையறுத்தது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி ஆகிய நான்கும் அப்போதுதான் தொட்டிக்குள் நின்றவரின் உரிமையாயின.

இன்று: ஆர்டர் வைத்த கணக்கு

1970-களில் காட்சி மாறியது. பச்சைத் தோலையும் பாதி பதப்பட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 1973-இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாகப் பதனிட்ட தோலாகவும் ஷூவாகவும் ஏற்றுமதி செய்தால்தான் வருமானம் என்றானது. ஆவாரம் பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்தது. வாரக் கணக்கில் ஆன வேலை, சுழலும் டிரம்முக்குள் ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. தோல் ஷாப்பை அடுத்து ஷூ கம்பெனிகள் எழுந்தன. காலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கின. ஆண்களின் தொழிலாக இருந்தது, தையல் லைனில் பெண்களின் தொழிலாயிற்று.

அந்த லைனை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கட்டிங்கில் இருப்பவர் தோலை விளக்கொளியில் விரித்து, மாடு வேலியில் கிழித்துக்கொண்ட தழும்பையும் உண்ணி கடித்த புள்ளியையும் விலக்கி அச்சு வைக்கிறார். ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கியதும் துண்டுகள் தையலுக்குப் போகின்றன. விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்தள்ளி, வளைவுக்கு வளைவு அதே இடைவெளியில் தையல் ஓட வேண்டும். துணியில் தையல் தவறினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய இடம் ஓட்டைதான், அதை மறைக்க வழியில்லை. ஒரு நொடி கண் அசந்தால் அந்த அப்பர் (ஷூவின் மேற்பகுதி) ரிஜெக்ட். ஒன்பதாவது மணி நேரத்தில் அந்தக் கண்ணும் கையும் எப்படி இருக்கும், பன்னிரண்டாவது மணி நேரத்தில் எப்படி இருக்கும் என்பதைத் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இன்று வேலை நாளைத் தீர்மானிப்பது தோல் அல்ல, ஆர்டர். ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் ஓ.டி., ஆர்டர் இல்லையென்றால் லே ஆஃப். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது ஏற்றுமதியை நம்பிய ஊர்கள் எல்லாம் கலங்கின. ஆர்டர் வறண்டால் வாரத்தில் நான்கு நாள் வேலை தானாகவே வந்துவிடும். லே ஆஃப் நாளுக்குச் சட்டப்படி கிடைப்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் பாதி. மிச்சப் பாதியைக் குடும்பம் தாங்குகிறது. சம்பளம் குறைந்து வரும் விடுமுறையை ஓய்வு என்று சொல்ல முடியாது.

மூன்று நாள் ஓய்வு தரும் நன்மை

நான்கு நாள் ஏற்பாட்டில் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. வாரம் ஆறு நாள் போய்வருபவருக்குப் பன்னிரண்டு பஸ் பயணம். அது எட்டாகக் குறையும். ஒரே ஒரு வார ஓய்வு நாளில் துணி துவைப்பது, ரேஷன் வாங்குவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று எல்லாம் அடங்குகிறது. தாலுகா அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ போக அரை நாள் லீவு போட்டால் சம்பளம் போகிறது. மூன்று நாள் கையில் இருந்தால் இந்தக் காரியங்கள் லீவு இல்லாமல் நடக்கும். முதலாளிக்கும் பஸ் செலவு, பாய்லர் செலவு, மின்செலவு மிச்சம்.

உலக அனுபவமும் இதற்கு ஆதரவாக இருக்கிறது. பிரிட்டனில் 2022-இல் 61 நிறுவனங்கள், ஏறத்தாழ 2,900 தொழிலாளர்களுடன் ஆறு மாதம் சோதித்துப் பார்த்தன. முடிவில் 56 நிறுவனங்கள் தொடர்வதாகக் கூறின. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500-க்கும் மேற்பட்டோர் வாரம் 35, 36 மணி வேலை செய்து பார்த்தார்கள். ஆனால் அங்கெல்லாம் குறைந்தது மொத்த நேரம், சம்பளம் குறையவில்லை. 48 மணியை நான்கு நாளுக்குள் திணிப்பது வேறு விஷயம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசுவதால்தான் குழப்பம்.

பன்னிரண்டு மணி கேட்கும் விலை

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆம்பூருக்கு வரும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை 8 மணிக்கு லைன் தொடங்கினால், சாப்பாடு, டீ இடைவேளையோடு பன்னிரண்டு மணி வேலை முடிய இரவு 9 ஆகும். பஸ் பிடித்து வீடு சேர 10. மறுநாள் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்ப அதிகாலை நாலரைக்கு எழ வேண்டும். வாரத்தில் நான்கு நாள் அவர் தம் பிள்ளையை விழித்த முகத்தோடு பார்ப்பதே அரிது. கம்பெனியின் குழந்தைகள் காப்பகம் இரவு 9 வரை திறந்திருக்குமா, இருட்டில் இறங்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பு யார் என்ற கேள்விகளுக்கு 2023 மசோதாவில் பதில் இருக்கவில்லை.

அடுத்தது கூலி. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 9 மணியைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி என்றிருந்தது. பன்னிரண்டு மணி உழைத்தால் 9 மணிக் கூலியும், மூன்று மணிக்கு இரட்டிப்பாக 6 மணிக் கூலியும் சேர்த்து 15 மணிக் கூலி. நான்கு நாளுக்கு 60 மணிக் கூலி. பன்னிரண்டு மணியே சாதாரண வேலை நாள் என்றாகிவிட்டால் கிடைப்பது 48 மணிக் கூலி மட்டும். அதே உழைப்புக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு மணிக் கூலி கண் முன்னே மறைந்துவிடும்.

மூன்றாவது உடம்பு. பசை, கரைப்பான், தோல் தூசு ஆகியவற்றோடு புழங்கும் தொழில் இது. காற்றில் எவ்வளவு ரசாயனம் இருக்கலாம் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விதித்த வரம்புகள் எட்டு மணி நேர வேலையை வைத்துப் போட்ட கணக்கு. பன்னிரண்டு மணி மூச்சு வாங்குபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உள்ளே போன நஞ்சை உடம்பு வெளியேற்ற மறுநாள் காலைக்குள் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

நாள் குறைந்தாலும் பயனில்லாதவர்களும் இங்கே இருக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆலையிலேயே படுத்து எழுபவருக்கு மூன்று நாள் விடுமுறை கொடுத்தாலும் போக இடம் ஏது? அதுபோல, ஷூவின் மேற்பகுதியை வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைத்துத் தரும் பெண்கள் ஆம்பூர் வட்டாரத்தில் உண்டு. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களுக்கு வார ஓய்வும் இல்லை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. கம்பெனிக்குள் நாள் குறையும்போது மிஞ்சும் வேலை அவர்கள் வாசலுக்குத்தான் போகும்.

சட்டத்தின் எல்லையும் சுருங்குகிறது. மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்றிருந்த தொழிற்சாலை வரையறையைப் புதிய தொகுப்பு 20, 40 என்று உயர்த்திவிட்டது. சிறிய தோல் ஷாப்புகள் 1948-க்கு முன்பு போலக் கணக்குக்கு வெளியே போகும் அபாயம் இருக்கிறது.

என்ன செய்யலாம்

நேரத்தைக் குறைத்தால் தொழில் வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் போய்விடும் என்பார்கள். போட்டி உண்மை, லாபம் மெலிந்திருப்பதும் உண்மை. ஆனால் இந்த வட்டாரம் அந்த அச்சத்தை முன்பே பார்த்திருக்கிறது. பாலாறு பாழானதற்காக வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஆலைகளை மூடச் சொன்னது. ஆற்றின் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் தொழில் அழிந்துவிடவில்லை, ஆம்பூர் இன்றும் உலகத்துக்கு ஷூ தைக்கிறது. கட்டாயம் வந்தபோது செலவை ஏற்கத் தொழில் பழகிக்கொண்டது.

அதனால் என் தீர்ப்பு இது. ஆம்பூர் லைனில் பன்னிரண்டு மணி நாள் வேண்டாம். முதல் படியாக, சம்பளம் குறையாமல் நாளுக்கு ஒன்பது மணி வீதம் ஐந்து நாள், வாரம் 45 மணி போதும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த தினசரி வரம்பைத் தாண்டாமலே இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு அதற்கேற்பக் கூலியை உயர்த்த வேண்டும். வீட்டில் தைப்பவர்களின் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். இந்தச் செலவில் ஒரு பங்கை, ஷூவின் மேல் தன் பெயரைப் பொறித்து விற்கும் வெளிநாட்டு பிராண்டும் ஏற்க வேண்டும். மாநில அரசு ஒரு சில கம்பெனிகளிலாவது இதைச் சோதித்து, ரிஜெக்ட் கணக்கையும் லீவுக் கணக்கையும் பகிரங்கமாக வெளியிடட்டும்.

அறுபது மணி ஐம்பத்து நான்கானது, ஐம்பத்து நான்கு நாற்பத்தெட்டானது. ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரம் தொழிலாளியின் கைக்குத் திரும்பி வந்தது. 1946-க்குப் பிறகு, தொட்டி டிரம்மாகி, கத்தி மெஷினாகி, ஒரு மணி நேர உற்பத்தி எத்தனையோ மடங்கு பெருகிய பின்னும், அந்த 48 அப்படியே நிற்கிறது. அடுத்த முறை யாராவது நான்கு நாள் வேலை என்று சொன்னால், வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் என்று முதலில் கேளுங்கள். 48-லிருந்து குறையாத எந்த எண்ணையும் ஏற்காதீர்கள்.