ஒரு மில்லிமீட்டர் ஓட்டை

2024 ஜூலை 30 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் துருக்கியின் யூசுஃப் டிகெச் வெள்ளி வென்ற படம் உலகம் முழுக்கப் பரவியது. ஒரு கை கால்சட்டைப் பைக்குள், முகத்தில் அன்றாடம் போடும் மூக்குக்கண்ணாடி. அதே போட்டியில் நம் மனு பாக்கர் – சரப்ஜோத் சிங் இணை வெண்கலம் வாங்கியது. படத்தைப் பார்த்த பலர் ‘கருவியெல்லாம் வீண், கண் இருந்தால் போதும்’ என்று பாடம் படித்துக்கொண்டார்கள். அந்தப் பாடம் தவறு. டிகெச் 2008 முதல் ஒலிம்பிக்கில் சுட்டு வருபவர். அவர் கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்த துல்லியமான பிஸ்டல். மறுபக்கம், ஏர் ரைஃபிள் விற்கும் விளம்பரங்கள் நேர்மாறான பாடத்தைச் சொல்கின்றன: நொடிக்கு 1000 அடி வேகம், கூடவே ஒரு ஸ்கோப், இரண்டும் இருந்தால் நீங்களும் குறி தவறாதவர். அதுவும் தவறு. திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடி மலையின் அடிவாரத்தில், விதுரையிலோ நெடுமங்காட்டிலோ இருந்துகொண்டு, குறைந்த செலவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகப் பழக நினைப்பவர் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார். அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் எதன் வழியாகக் குறிபார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள், துப்பாக்கி அதற்குப் பிறகு, வேகம் கடைசி.

வேகத்தை முதலில் முடித்துவிடுவோம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. .22 ரைஃபிள் என்றால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குறுக்கே வரும். உரிமம், தோட்டாச் செலவு எல்லாம் தனி. ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு ஏர் ரைஃபிள்தான் வழி. இந்த 20 ஜூல் வரம்பைத் தொடும் துப்பாக்கியே சிறந்தது என்று பலர் தேடுகிறார்கள். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கும் ரைஃபிள் சுமார் அரை கிராம் எடையுள்ள பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 7.5 ஜூல். சட்டம் அனுமதிக்கும் அளவில் பாதிகூட இல்லை. 1000 அடி என்பது நொடிக்கு 305 மீட்டர். ஒலியின் வேகத்தை நெருங்கும் அந்த இடத்தில் இடுப்பு ஒடுங்கிய ஈய பெல்லட் தடுமாறத் தொடங்கும். கடலோரத்தைவிட 1100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொன்முடியில் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லேசு. அதுகூட 10 மீட்டர் தூரத்தில் பொருட்டே அல்ல. காகிதத்தில் ஓட்டை போட வேகம் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் போனால் போதும்.

அப்படியானால் குறி தவறுவது எங்கே? பெரும்பாலும் கண்ணுக்கும் குழலின் முனைக்கும் இடையே. குறிபார்ப்பவர் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும்: கண்ணருகே பின்குறி, குழல் முனையில் முன்குறி, 10 மீட்டர் தள்ளி இலக்கு. கண்ணுக்கு ஏற்பமைவுத் திறன் உண்டு என்பது பள்ளிப் பாடம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்கு மட்டுமே அது ஏற்பமையும். முன்குறி கண்ணிலிருந்து சுமார் 85 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதைத் தெளிவாகப் பார்க்கும் கண்ணுக்கு 10 மீட்டரில் உள்ள இலக்கு ஒரு டயாப்டருக்குச் சற்று மேல் விலகி நிற்கிறது. பாவை 4 மி.மீ. அகலம் திறந்திருந்தால், இலக்கின் ஒவ்வொரு புள்ளியும் அங்கே 43 மி.மீ. அகலமான வட்டமாகக் கலங்கித் தெரியும். ஏர் ரைஃபிள் இலக்கின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான்! அதன் நடுவில் உள்ள பத்துப் புள்ளிப் பொட்டு வெறும் அரை மி.மீ. பெல்லட் அந்தப் பொட்டை உரசினால் போதும் என்பதால், பெல்லட்டின் நடுப்புள்ளி 2.5 மி.மீ. வரை விலகினாலும் பத்து கிடைக்கும். அந்த 2.5 மி.மீ.க்காக, 43 மி.மீ. கலங்கலின் ஊடே குறிபார்க்கச் சொல்கிறது, பின்குறியில் வெறும் வெட்டு மட்டுமுள்ள சாதாரண ஓப்பன் சைட்.

இங்கேதான் பீப் சைட்டின் ஓட்டை வருகிறது. பின்குறியாக, கண்ணருகே, ஏறக்குறைய 1 மி.மீ. துளையுள்ள ஒரு வட்டத் தகடு. அதற்குள் லென்ஸ் கிடையாது, கண்ணாடி கிடையாது. புட்டுக்கு மாவு சலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாவையின் ஓரம் வழியாகச் சாய்ந்து வரும் கதிர்கள்தாம் படத்தைக் கலக்கும் கட்டிகள். நடுவழியே நேராக வருபவை நைஸான மாவு. ஓட்டை என்கிற சல்லடை கட்டிகளை நிறுத்திவிட்டு மாவை மட்டும் கீழே விடுகிறது. கலங்கலின் அகலம் துளையின் அகலத்துக்கு நேர்விகிதம், துளை 1.1 மி.மீ. ஆனால் 43 மி.மீ. கலங்கல் 12 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. அப்படியானால் இன்னும் சின்னக் கண் சல்லடை எடுக்கலாமே? முதலில், மாவு இறங்காது. 1.1 மி.மீ. துளையே 4 மி.மீ. பாவைக்குள் போகும் ஒளியில் பதின்மூன்றில் ஒரு பங்கைத்தான் விடுகிறது. பொறுமையில்லாமல் சல்லடையைத் தட்டித் தட்டி மாவை இறக்கினால் அது தூளாகப் பறந்து அடுக்களை முழுக்கப் படியும். ஒளியும் அதையே செய்கிறது. குறுகிய துளை வழியே நுழையும் ஒளி அலை விளிம்பு விளைவால் விரிந்து பரவுகிறது. துளை அரை மி.மீ. ஆனால், இந்தப் பரவல் மட்டுமே இலக்கில் 27 மி.மீ. அகலக் கலங்கலை உண்டாக்கும். 1.1 மி.மீ. துளையில் அது 12 மி.மீ. மேலே சொன்ன மற்றக் கலங்கலும் அதே 12 மி.மீ. துளை பெருகினால் ஒரு பிழை வளர்கிறது, சிறுத்தால் மற்றது வளர்கிறது. இரண்டும் சமமாகி நிற்கும் இடம் 1.1 மி.மீ. கடைகளில் கிடைக்கும் பீப் சைட்டின் துளை பெரும்பாலும் 1.0 முதல் 1.2 மி.மீ. வரை இருப்பதற்குக் காரணம் இதுவே. ஒளியின் அலைநீளம், நம் கையின் நீளம், கண்ணின் திறன் மூன்றும் பேசி முடிவு செய்த அளவு அது. இயற்பியலில் இவ்வளவு மலிவான ஒரு பொருள் இவ்வளவு நேர்த்தியான சமநிலையில் உட்கார்ந்திருப்பதை அதிகம் பார்க்க முடியாது.

துளையின் இரண்டாவது உபகாரம் இதைவிடப் பெரியது. துளை பாவையைவிடச் சிறிதாக இருப்பதால், பார்வைக் கோடு பாவையின் நடுவை விட்டுவிட்டுத் துளையின் நடுவழியாகப் போகத் தொடங்குகிறது. வேறு வகையில் சொன்னால், கண்ணின் வாசல் இனி முகத்தில் இல்லை, துப்பாக்கியில் இருக்கிறது. கன்னம் கட்டையில் ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படிப் பதிந்தாலும், கதிர்க்கற்றை பாவைக்குள் விழும்வரை குறி நகராது. ஓரம் தாண்டினால் படம் இருண்டு எச்சரிக்கும். முன்குறியிலும் ஒரு வளையம் வைத்தால், துளை, வளையம், கறுப்பு வட்டம் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைகின்றன. கலங்கல் எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்பதால் நடு மாறுவதில்லை. வளையத்துக்கும் கறுப்புக்கும் இடையிலுள்ள வெள்ளைப் பட்டையின் அகலம் ஒரு பக்கம் இம்மி கூடினாலும் கண் உடனே கண்டுகொள்ளும். இதோடு நீளமும் சேர்கிறது. இரு குறிகளுக்கும் இடைவெளி 75 செ.மீ. இருந்தால், குறிகள் 0.1 மி.மீ. பிசகினால் இலக்கில் 1.3 மி.மீ. தவறும், இடைவெளி 45 செ.மீ. ஆன ஓப்பன் சைட்டில் அதே பிசகு 2.2 மி.மீ. ஆகும். முதலாவதில் பத்து மிச்சமிருக்கிறது. இரண்டாவதில் அது நூலிழையில் தொங்குகிறது.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கண் முன் சிறு துளைகளை வைத்து அது எப்படிக் குவிக்கிறது என்று ஆராய்ந்தவர் கிறிஸ்டோஃப் ஷைனர், 1619இல் நூலாக வெளியிட்டார். காற்றுத் துப்பாக்கி 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆஸ்திரியப் படையில் ஜிரார்டோனி ரைஃபிளாக இருந்தது. இந்தியாவில் தேசிய ரைஃபிள் சங்கம் 1951இல், பின்னர் மக்களவைத் தலைவரான ஜி.வி. மவ்லங்கரின் முயற்சியில் உருவானது. பொன்முடிக்காரர்களுக்குப் பயன்படும் ஆண்டு 2015: அந்த ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் துப்பாக்கி சுடும் தளம் அமைந்தது, 2018இல் தேசிய சாம்பியன்ஷிப்பும் அங்கே நடந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இதே ஏர் ரைஃபிளில்தான். அவர் பார்த்ததும் ஓட்டை வழியாகத்தான். 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை.

‘போட்டிக்குப் போகாதவனுக்கு அந்த விதி எதற்கு? பெரிதாகக் காட்டும் ஸ்கோப்பே மேல்’ என்பது முதல் மறுப்பு. ஸ்கோப்பில் குறிக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும் என்பது உண்மையான நன்மை. ஆனால் மலிவான ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை 100 கஜம், அதாவது 91 மீட்டர் தூரத்துக்குப் பொருத்தி வருகின்றன. அந்தத் தூரத்தில்தான் இடமாறு தோற்றப்பிழை இல்லை. 10 மீட்டரில் படமும் கலங்கும், கண் நகர்ந்தால் குறிக்கோடும் நகரும். முன் லென்ஸ் 32 மி.மீ. என்றால், கண் ஓரத்துக்குப் போகும்போது பிழை 14 மி.மீ. வரை போகலாம். துளை எந்தப் பிழையை விரட்டியதோ அதை லென்ஸ் காசு வாங்கிக்கொண்டு திரும்ப அழைத்து வருகிறது. இதோடு, மலிவு ரைஃபிள்கள் பெரும்பாலும் சுருள்வில் வகை. விசையை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே உதைக்கிறது. பிஸ்டன் அழுந்திய காற்றில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னே துள்ளுகிறது. பின்னோக்கிய உதையை மட்டும் எதிர்பார்த்துச் செய்த ஸ்கோப்பின் உள்லென்ஸ்கள் இந்த எதிர்த் துள்ளலில் தளர்ந்துவிடும். மூன்றாவது காரணம் நம் மலையே தருகிறது. மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும் இறங்கும் பொன்முடிச் சரிவில் கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், லென்ஸில் பூஞ்சை எவ்வளவு சீக்கிரம் படரும் என்று. ஓட்டையில் பூஞ்சை பிடிக்க எதுவும் இல்லை. இரும்பு துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

இரண்டாவது மறுப்பு நியாயமானது: அந்தி மங்கலிலும் மூடுபனியிலும் துளை வழியே இருள்தானே தெரியும்? ஆம். பதின்மூன்றில் ஒரு பங்கு ஒளி என்பது சலுகை காட்டாத கணக்கு. அதனால்தான் சுடுதளங்களில் இலக்குக்கென்று தனி விளக்கு போடுகிறார்கள். வீட்டில் பழகுபவரும் இலக்கின் மேல் ஒரு எல்.இ.டி. விளக்கு வைத்தால் பிரச்சினை தீரும். வெள்ளெழுத்து வந்தவர்களின் கவலையும் இதோடு சேர்ந்தது. நாற்பதைத் தாண்டிய கண் முன்குறிக்கு ஏற்பமையத் திணறும். ஆனால் ஏற்பமைவின் வேலையைத்தான் துளை குறைக்கிறது. இளைஞரைவிட அவர்களுக்கே அது அதிகம் உதவும். 25, 50 மீட்டர் தூரத்தில் சுடுபவருக்கு, தூரத்துக்கேற்பத் திருத்தும் வசதியுள்ள நல்ல ஸ்கோப் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. அது மலிவாகக் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பு துப்பாக்கியைப் பற்றியது இல்லை, காட்டைப் பற்றியது. மலைக்காட்டுப் பகுதியில் ஏர் கன் வாங்கச் சொல்வது பறவைகளுக்கு ஆபத்தில்லையா? ஆபத்துதான், பயன்படுத்துபவர் மரத்தை நோக்கினால். அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் தொடங்கிய ஏர் கன் ஒப்படைப்பு இயக்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அரசிடம் சேர்ந்தன. எளிய காற்றுத் துப்பாக்கிகள் பறவைக் கூட்டங்களை எப்படி மௌனமாக்கின என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பொன்முடியை ஒட்டியே பேப்பாறை சரணாலயம். பக்கத்தில் வரையாடு மேயும் வரையாட்டுமொட்டை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். இந்தப் பொழுதுபோக்கின் இடம் மலை அல்ல, மலையடிவாரத்திலிருந்து இறங்கிப் போகும் சுடுதளம். வீட்டில் என்றால், பின்னால் கனமான தடுப்பும் ஆள் நடமாட்டம் இல்லாத 10 மீட்டரும் இருக்க வேண்டும். பீப் சைட்டைப் பரிந்துரைப்பதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்: ஓடும், பறக்கும் உயிரைத் தேட அது வசதியற்றது, அசையாத வட்டத்தைப் பார்க்கவே பிறந்தது.

ஆகவே செலவின் வரிசை இது. முதலில் தளத்தில் சேர்ந்து, அங்குள்ள ரைஃபிளில் துளை வழியே பார்த்துப் பழகுங்கள். அப்போதே எத்தனை அளவுள்ள துளை உங்கள் கண்ணுக்குச் சரி என்று தெரிந்துவிடும். சொந்தமாக வாங்கும்போது, பின்பக்கம் பீப் சைட் பொருத்த இடமும், முன்பக்கம் வளையம் மாற்றும் வசதியும், சீராக இழுபடும் விசையும் உள்ள 4.5 மி.மீ. ரைஃபிளைத் தேடுங்கள், இவை இல்லாத வேகமான துப்பாக்கியை விட்டுவிடுங்கள். ஃபைன்வெர்க்பாவ், வால்தர் போன்ற ஜெர்மன் போட்டி ரைஃபிள்களுக்கு லட்சங்கள் ஆகும். அவை உதைப்பையும் விசையையும் சரிசெய்கின்றன, துளையின் இயற்பியலை அல்ல. அது சில ஆயிரம் ரூபாய் உள்நாட்டு ரைஃபிளிலும் அதே 1.1 மி.மீ.யில் அதே வேலையைச் செய்யும். ஸ்கோப்புக்கென்று ஒதுக்கிய பணம் மிஞ்சினால், ஒரே வகைத் தட்டைத்தலை பெல்லட் டப்பாக்களை வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். குறி கூர்மையாவது அந்த டப்பாக்கள் காலியாகும்போதுதான்.