நம்ம லயத்து லைட்டும் உப மின் நிலையமும்

"காசல்ரீயிலயும் மவுசாக்கலையிலயும் நம்ம கண்ணு முன்னாலதான் தண்ணி நிக்குது. அதுலதான் கரண்ட் எடுக்கிறாங்க. அப்புறம் ஏன் நம்ம லயத்து லைட்டு மட்டும் மங்கலா எரியுது?" தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆகவே கரண்ட் வரும் வழியை இம்முறை விளக்குகிறோம்.

அணைத் தண்ணீர் விமலசுரேந்திர, கெனியன், லக்ஷபான மின் நிலையங்களில் மெஷினைச் சுற்றுகிறது. அந்த மின்சாரம் நேரே லயத்துக்கு வருவதில்லை. தூரத்துக்கு அனுப்புவதற்காக அதன் அழுத்தத்தை 132,000 வோல்ட் வரை உயர்த்துகிறார்கள். அழுத்தம் கூடினால் கம்பியில் சூடாகி வீணாவது குறையும். மலையில் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் சுமப்பது இந்தக் கம்பிகளைத்தான்.

இவை போய்ச் சேரும் இடமே உப மின் நிலையம். பட்டணத்து ஓரத்தில் கம்பி வேலிக்குள் பார்த்திருப்பீர்கள். அங்கே மூன்று வேலை நடக்கிறது. ஒன்று, பெரிய டிரான்ஸ்போமர் 132,000 வோல்ட்டை 33,000 ஆகக் குறைக்கிறது. இரண்டு, அதைப் பல லைன்களாகப் பிரித்து டவுன், ஆஸ்பத்திரி, ஃபெக்டரி, தோட்டம் என்று அனுப்புகிறார்கள். மூன்று, காவல். ஒரு லைனில் மரம் விழுந்தால் பிரேக்கர் என்ற சுவிட்ச் கண் இமைக்கும் நேரத்தில் அந்த லைனை மட்டும் வெட்டிவிடும். மற்ற இடங்களில் லைட் எரியும்.

பிறகு தோட்டத்து டிரான்ஸ்போமர் அதை வீட்டுக்குரிய 230 வோல்ட்டாக்குகிறது. லைட் மங்குவது பெரும்பாலும் இந்தக் கடைசித் துண்டில்தான். டிரான்ஸ்போமருக்குத் தூரமாய் லயம் இருந்து, கம்பியும் மெலிதாய் இருந்து, மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கேத்தலும் அயனும் போட்டால், கடைசி வீட்டுக்கு அழுத்தம் போதாது. எந்த லயம், எந்த நேரம் என்று குறித்து, எல்லோரும் கையெழுத்து வைத்து முறைப்பாடு கொடுங்கள். வோல்ட்டை அளந்து பார்க்கும்படியும் கேளுங்கள்.

ஓர் உப மின் நிலையம் எவ்வளவு முக்கியம் என்பதை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே பார்த்தது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் கோளாறு ஏற்பட்டதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் லைட் போனது. ஒரு குரங்குக்கு அவ்வளவு பலமா என்று சிரித்தோம். ஆனால் தேர் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்த சிலர் திடீரென்று கையை விட்டால் பாரம் மற்றவர் மேல் விழும். அவர்களும் தாங்காமல் விடுவார்கள். நாட்டின் மெஷின்கள் எல்லாம் அப்படி ஒரே வடத்தில்தான் ஓடுகின்றன. அன்று ஞாயிற்றுக்கிழமை, பாவனை குறைவு, சோலார் மின்சாரம் அதிகம். சுழலும் பெரிய மெஷின்கள் குறைவாக ஓடியதால் அதிர்ச்சியைத் தாங்கும் பலமும் குறைவாக இருந்தது.

அன்று எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். "நம்ம டிரான்ஸ்போமர்லதான் பியூஸ் விழுந்திருக்கு, தட்டிவிட்டா வந்துரும்" என்று இரண்டு பொடியன்கள் நீளமான ஈர மூங்கிலோடு கிளம்பிவிட்டார்கள். ஒரு வயதான அம்மாதான் வழியை மறித்து, "லைட்டு இல்லாம ஒரு ராத்திரி இருக்கலாம்டா, நீங்க இல்லாம நாங்க எப்படி இருக்கிறது?" என்று திருப்பி அனுப்பினார். கோளாறு இருந்ததோ பாணந்துறையில். இங்கே தட்டி என்ன ஆகப்போகிறது? கரண்ட் திரும்பும் நேரம் எவருக்கும் தெரியாது. மூங்கில் கம்பியில் இருக்கும்போது வந்திருந்தால் 33,000 வோல்ட்.

ஆகவே, லைட் போனாலும் கம்பியில் கரண்ட் இருப்பதாகவே நினையுங்கள். அறுந்த கம்பியைத் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பில்லில் உள்ள நம்பருக்குச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை ஒருவர் தள்ளி நின்று காவல் இருங்கள்.