வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்து வரும்போது, "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? மருந்து கொடுப்பவர் யார்?" என்று மருத்துவர் கேட்பதுண்டு. இக்கேள்வி சிலருக்குச் சங்கடத்தைத் தருகிறது. ஆனால், இதற்கான விடை சிகிச்சைக்கு மிகவும் தேவையானது.

எந்தக் குடும்பமும் என்றும் ஒரே அமைப்பில் இருப்பதில்லை. தந்தை வேலைக்காக வெளிநாடு செல்லலாம், பெற்றோர் பிரியலாம், ஒருவர் மறையலாம், மறுமணம் நிகழலாம், குழந்தை தாத்தா பாட்டியிடம் வளரலாம். அமெரிக்கப் பெருநகரங்களில் 1998 முதல் 2000 வரை பிறந்த ஏறத்தாழ 4,900 குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், வீட்டிலுள்ள பெரியவர்கள் அடிக்கடி மாறிய குடும்பங்களில் குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டன. வறுமை போன்ற காரணங்களும் இதில் கலந்துள்ளன. எனவே, தாயோ தந்தையோ தனித்து வளர்ப்பதாலேயே குழந்தைக்குக் கேடு நேரும் என அஞ்ச வேண்டியதில்லை. அன்றாட வாழ்வு நிலையாக இருப்பதே குழந்தைக்குப் பெரும் பாதுகாப்பு.

குழந்தையிடம் காணப்படும் அறிகுறிகள்

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மீண்டும் படுக்கையை நனைக்கலாம். ஒருவரை விட்டு அகலாமல் ஒட்டிக்கொள்ளலாம். இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது இவ்வயதில் முழுமையாகப் புரிவதில்லை. பள்ளி வயதினர் வயிற்றுவலி, தலைவலி என்பர். பரிசோதனையில் காரணம் புலப்படாவிடினும் வலி உண்மையானதே. "என்னால்தான் அப்பா போய்விட்டார்" என்று தம்மையே குற்றஞ்சாட்டிக் கொள்வதும் உண்டு. வளரிளம் பருவத்தினர் எரிச்சல் கொள்வர். மருந்தைத் தவிர்க்கவும் கூடும்.

நீண்டகால நோய் உள்ளபோது

மருந்து கொடுக்கும் கை மாறும்போது வேளை தவறுவது எளிது. வலிப்பு மருந்தை விட்டால் வலிப்பு திரும்பலாம். ஆஸ்துமாவுக்கான தடுப்பு இன்ஹேலரை, மூச்சுத் திணறல் இல்லாத நாளிலும் தொடர வேண்டும் என்பது புதிதாகப் பொறுப்பேற்பவருக்குத் தெரியாதிருக்கலாம். இன்சுலின் போடும் குழந்தைக்கு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே குளுக்கோஸோ சர்க்கரைக் கரைசலோ கொடுக்க வேண்டும். நினைவிழந்திருந்தால் வாயில் எதுவும் புகட்டாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• மாற்றம் நிகழுமுன் குழந்தையிடம் எளிய சொற்களில் உண்மையைக் கூறுங்கள். "இது உன் தவறன்று" என்பதைப் பலமுறை சொல்லுங்கள்.
• உறங்கும் நேரம், பள்ளி, உணவு வேளை ஆகியவற்றை இயன்றவரை மாற்றாதீர்கள்.
• இரு வீடுகளில் வளரும் குழந்தைக்கு, இரண்டிலும் மருந்தும் மருந்துச் சீட்டின் நகலும் இருக்கட்டும்.
• புதிய பராமரிப்பாளரை அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்து வாருங்கள். மருந்து கொடுக்கும் முறையை நேரில் கற்பிப்போம்.
• பெற்றோரின் தொலைபேசி எண் மாறினால் தெரிவியுங்கள். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும்.

உறக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, பள்ளி செல்ல மறுத்தல் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். "சாக வேண்டும்" என்று குழந்தை கூறினால் ஒரு நாளும் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள், தனியே விடாதீர்கள். டெலி மனஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றிலும் உதவி பெறலாம்.

வீட்டில் நேர்ந்த மாற்றத்தை மருத்துவரிடம் கூறத் தயங்க வேண்டாம். அதை அறிந்தால்தான் குழந்தைக்கு ஏற்ற சிகிச்சையைத் திட்டமிட இயலும்.