கூடிக் கற்போரே கூடிப் பணியாற்றுவர்

மருத்துவம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் மருத்துவர் ஒருவரே. ஆயினும் நோயாளி நலம் பெற்று வீடு திரும்புவதில் செவிலியர், மருந்தாளுநர், மயக்கவியல் வல்லுநர், இயன்முறை மருத்துவர் எனப் பலருக்கும் பங்குண்டு. இவர்களிடையே சொல்லும் செவியும் இணங்காதபோது என்ன நேர்கிறது என்பதற்கு ஒரு நிகழ்வைக் காண்போம்.

2005ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெண்மணி ஒருவருக்குச் சைனஸ் அறுவை செய்வதற்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. அப்போது அவரது மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மூவர், வாய்வழியே குழாய் செலுத்தத் திரும்பத் திரும்ப முயன்றனர். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்யும் கருவிகளைச் செவிலியர் ஒருவர் கொண்டுவந்து அறிவித்தார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். எவரும் செவிசாய்க்கவில்லை. மூளைக்குப் பிராணவாயு கிட்டாமற்போன அப்பெண்மணி சில நாட்களில் உயிரிழந்தார். செய்ய வேண்டியது என்னவென்று செவிலியர்க்குத் தெரிந்திருந்தது; அதை மருத்துவர்களிடம் எவ்வாறு வற்புறுத்திச் சொல்வது என்பதே தெரியவில்லை.

இத்தயக்கம் அறுவைக் கூடத்தில் பிறந்ததன்று. மருத்துவரும் செவிலியரும் ஆண்டுக்கணக்கில் தனித்தனியே பயின்று, பணியில் சேர்ந்த பின்னரே ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். ஒருவர் கட்டளையிடவும் மற்றவர் கீழ்ப்படியவும் பழகிவிடுகின்றனர். எனவேதான் பயிற்சிக் காலத்திலேயே இவர்களை ஒருங்கிணைக்கும் 'பல்துறைக் கூட்டுக் கல்வி' தோன்றியது. சுவீடன் நாட்டின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986இல் இதனைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 1996இல் அங்கே மாணவர் குழுவே நடத்தும் பயிற்சிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. மருத்துவ, செவிலிய, இயன்முறை மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மெய்யான நோயாளிகளைச் சேர்ந்தே பராமரித்தனர். ஒருவர் மற்றவரைப் பற்றியும், மற்றவரிடமிருந்தும், மற்றவரோடும் கற்பதே இக்கல்வி என உலக சுகாதார நிறுவனம் 2010இல் வரையறுத்தது.

அதே நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் குழுவினர் அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்பது அதில் ஒரு விதி. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைச் செயல்படுத்திய ஆய்வு 2009இல் வெளியானது. அறுவைக்குப் பிந்திய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததை அது காட்டிற்று.

'மஷ்வரா' எனும் கலந்தாலோசனையின் அருமையை நாம் நன்கறிவோம். எனினும் அவையில் இளையவர் வாய்திறக்க அஞ்சினால், அது பெயரளவில் நின்றுவிடும். ஆசிரியர் முன் மௌனமாக இருக்கும் மாணவன், தோழரோடு பாடத்தை மீட்டும்போது தயங்காமல் ஐயம் எழுப்புவதை வகுப்பறைகளில் நாம் அன்றாடம் காண்கிறோம். அச்சமின்றிப் பேசுவதும் பொறுமையுடன் கேட்பதும் பயிற்சியால் வருபவை. மருத்துவக் கல்வி அப்பயிற்சியைத் தரத் தவறினால், இழப்பு நோயாளிக்கே.