சேமித்த நீர் திரும்பிப் போகாதிருக்க

அந்தமானில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஸ்ரீ விஜயபுரத்தில் குடிநீரை அளந்தே செலவிட வேண்டியுள்ளது. 1973இல் கட்டப்பட்ட தனிக்காரி அணையே நகரின் முதன்மை நீராதாரம். அதன் நீர்மட்டம் தாழத் தாழ, குழாயில் நீர் வரும் நாள்களின் இடைவெளி நீள்கிறது. அந்நாள்களில் வீட்டுத் தொட்டியில் இருப்பதே குடும்பத்தின் சேமிப்பு.

அச்சேமிப்பு நாம் அறியாமலே வெளியேறும் வழி ஒன்று உண்டு. விநியோகம் நின்றதும் தெருக்குழாய் காலியாகிறது. மேடும் பள்ளமுமான ஊரில் குழாயில் எஞ்சிய நீர் தாழ்விடம் நோக்கி ஓடும்போது, தனக்குப் பின்னால் இருப்பதையும் உறிஞ்சி இழுக்கிறது. தொட்டி நீரில் மூழ்கிய குழாய்முனை, வாளிக்குள் கிடக்கும் ரப்பர் குழாய் ஆகியவற்றின் வழியே நம் நீர் தெருவுக்குத் திரும்பிவிடும். அழுக்கு வாளியாயின், அந்த அழுக்கு அடுத்த முறை எவர் வீட்டுக் குழாயிலும் வரக்கூடும்.

இதைத் தடுப்பது ஒருவழி வால்வு. நீர் உள்ளே வருகையில் அதன் மடல் திறக்கும்; திரும்ப முயன்றால் மூடிக்கொள்ளும். வீட்டு இணைப்பின் தொடக்கத்தில், அதன்மேல் உள்ள அம்புக்குறி வீட்டை நோக்கியிருக்குமாறு பொருத்த வேண்டும். மடலில் மணல் சிக்கினால் வால்வு முழுமையாக மூடாது. அவ்வப்போது கழற்றித் துப்புரவு செய்தல் நன்று. தொட்டிக்குள் நீர் விழும் குழாய்முனை, வழிந்தோடும் குழாய்க்கு மேலே இருக்கட்டும். இடையிலுள்ள காற்றுவெளியே மிக எளிய பாதுகாப்பு.

கீசர் உள்ள வீடுகளில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 25 லிட்டர் நீரை 25 பாகை செல்சியஸிலிருந்து 65 பாகைக்குச் சூடாக்கினால், அது ஏறத்தாழ 0.4 லிட்டர் விரிவடையும். கீசருக்கு வரும் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால் அந்நீர் பின்னோக்கிச் செல்ல இயலாது. உள்ளே அழுத்தம் உயரும். அதனை வெளியேற்றவே பாதுகாப்பு வால்வு உள்ளது. அதிலிருந்து சொட்டுகிறதே என்று வாயை அடைப்பது பேராபத்து. சொட்டும் நீரைச் சிறு குழாயால் வெளியே விடுவதே முறை. ஓயாமல் சொட்டினால் பிளம்பரை அழைக்க வேண்டும்.

மழை ஓய்ந்து, தொட்டியை நம்பி வாழும் காலம் தொடங்குமுன் ஒரு நாளை இவற்றைச் சரிபார்க்க ஒதுக்குவோம். சேமிப்பது பாதிப் பணி. சேமித்ததைக் காப்பதே மறுபாதி.