நெடுஞ்சாலையில் அலறும் பழைய பிக்காப்: செலவுக்கு முன் யோசியுங்கள்

காய்கறியும் கடைச் சரக்கும் ஏற்றி ஓடும் பழைய மேனுவல் பிக்காப், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரைத் தொட்டதும் அலறுகிறதா? முதலில் கிளட்சைப் பாருங்கள். மேடு ஏறும்போது இஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால், கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது.

கிளட்ச் நன்றாக இருந்தால், கோளாறு இல்லை. கியர் அமைப்பே அப்படி. 4 கியர் வண்டியின் கடைசி கியர் பொதுவாக இஞ்சின் சுழற்சியைக் குறைக்காது. அந்த வேகத்தில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,600 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். 0.85 விகிதமுள்ள 5ஆம் கியர் இருந்தால் அது 3,060 ஆகும். பின் அச்சுப் பல்சக்கர விகிதத்தை 4.1இலிருந்து 3.7க்கு மாற்றினால் சுமார் 10 விழுக்காடு குறையும். பாரம் இழுக்கும் சக்தியும் அவ்வளவு குறையும். பெரிய டயர் போட்டாலும் சுழற்சி குறையும். ஆனால் மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். தெரியாமலே சம்மன் வாங்குவீர்கள்.

காசில்லாத வழியும் உண்டு. 90இல் ஓட்டினால் சுழற்சி 2,950க்கு இறங்கும். புதிய கியர்பெட்டி தருவதைவிட இது அதிகம்; எண்ணெயும் மிச்சம்.