விளையாட்டு வினையான கதை

“விளையாட்டு வினையாகும்” என்று பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கண்டிப்பதற்காக நம் வீடுகளில் தினமும் எடுத்தாளும் இந்தப் பழமொழி, 1980-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ம் தேதி, சனிக்கிழமையன்று, கல்கத்தா நகரில் எழுத்துக்கு எழுத்து மெய்யாகிவிட்டது. கால்பந்தாட்டம் பார்ப்பதற்காக அன்று ஈடன் தோட்ட மைதானத்துக்குச் சென்றவர்களில் பதினாறு பேர் வீடு திரும்பவில்லை.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே வாழும் நமக்கும் கல்கத்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. தைப்பூசம் வந்தால் பழனியை நோக்கி நம்மூர்ப் பக்கமாகக் கால்நடையாய்ச் செல்லும் பக்தர்களை நாம் பார்க்கிறோம். பக்திக்காகக் கூடினாலும், பந்துக்காகக் கூடினாலும், கூட்டம் கூட்டந்தான். அதன் சுபாவத்தை அறிந்துகொள்வது நமக்கும் அவசியமாகும்.

வங்காளிகளுக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. 1911-ம் வருஷம் ஜூலை 29-ம் தேதி மோஹன் பகான் சங்கத்தார் ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்து, ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். வென்ற பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை வெறுங்கால்கள் வென்றபோது, தேசமே நிமிர்ந்து நின்றது.

1920-ல் ஈஸ்ட் பெங்கால் சங்கம் தோன்றியது. தேசப் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை இழந்து, கல்கத்தாவுக்கு அகதிகளாக வந்தவர்களுக்கு அந்தச் சங்கத்தின் பெயரே விட்டு வந்த ஊரின் பெயராக இருந்தது. இழந்த மண்ணின் மேலிருந்த ஏக்கமெல்லாம் அந்தப் பந்தின் மேல் போய்ச் சேர்ந்தது. இரு கட்சியாருக்கும் போட்டி மைதானத்தோடு நின்றதா? சமையலறை வரையில் வந்துவிட்டது! ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இல்சா மீன், மோஹன் பகான் ஜெயித்தால் இறால் என்று அவரவர் வீட்டில் விருந்து நடக்கும். இத்தகைய அபிமானத்தில் தவறொன்றும் இல்லை. அதற்குத் தக்க ஏற்பாடு செய்யாமல், அதை ஒரே கட்டடத்துக்குள் அடைத்ததுதான் தவறு.

சம்பவ தினத்தன்று இந்த இரண்டு சங்கங்களுக்கும் கல்கத்தா லீக் ஆட்டம். இரு கட்சி ரஸிகர்களும் பிரித்து அமர்த்தப்படாமல், ஒரே காலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பாதி ஆட்டத்தில் மோஹன் பகான் ஆட்டக்காரர் விதேஷ் போஸுக்கும் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர் திலீப் பாலித்துக்கும் மோதல் உண்டாயிற்று. நடுவர் இருவரையும் மைதானத்தை விட்டு வெளியேற்றினார். ஆட்டத்தைப் பொறுத்த வரையில் விஷயம் அதோடு தீர்ந்தது. காலரியிலோ அப்போதுதான் ஆரம்பமாயிற்று. கற்கள் பறந்தன, கைகலப்பு மூண்டது. தப்பித்தால் போதும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஏக காலத்தில் வழியை நோக்கிப் பாய்ந்தார்கள். விழுந்தவர்கள் மறுபடி எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் ஆட்டம் கோல் எதுவுமின்றிச் சமமாக முடிந்தது. பதினாறு உயிர்களைப் பலி கொண்ட பந்தயத்தில் ஜெயித்தவர் எவரும் இல்லை.

இப்படிப்பட்ட விபத்து நேர்ந்தவுடனே, “ஜனங்கள் காட்டுமிராண்டிகளாகிவிட்டார்கள்” என்று சொல்லிக் கை கழுவிவிடுவது எளிது. கல் எறிந்தவனுடைய குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உலக அனுபவம் வேறொன்றையும் சொல்கிறது. 1964-ம் வருஷம் மே 24-ம் தேதி, பெரு தேசத்தின் லிமா நகரில், பெருவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஆட்டத்தில் ஒரு கோல் செல்லாது என்று நடுவர் தீர்ப்பளித்தார். கலகம் மூண்டது, போலீஸார் கண்ணீர்ப் புகையைப் பிரயோகித்தார்கள். பயந்து படிகளில் இறங்கி ஓடிய ஜனங்களை எதிர்கொண்டவை பூட்டிய இரும்புக் கதவுகள்! மூச்சுத் திணறியும் நசுங்கியும் இறந்தவர்கள், சர்க்கார் கணக்குப்படி, 328 பேர். ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, 2022 அக்டோபர் 1-ம் தேதி, இந்தோனேஷியாவில் மலாங் நகருக்கு அருகே அதே கண்ணீர்ப் புகை, அதே நெரிசல். 135 பேர் மாண்டார்கள்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15-ம் தேதி நேர்ந்த நெரிசலுக்கு 97 பேர் பலியானார்கள். குடித்துவிட்டு வந்த ரஸிகர்களே காரணம் என்று பழி சுமத்தப்பட்டது. இறந்தவர்களின் தாய் தந்தையர் விட்டாரில்லை. இருபத்தேழு வருஷம் போராடினார்கள். அதன் பயனாக 2016-ல் மரண விசாரணை ஜூரிகள், ரஸிகர்கள் மீது குற்றமில்லை என்றும், மாண்டவர்கள் சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டவர்களே என்றும் தீர்ப்புக் கூறினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவனுடைய நற்பெயரையாவது மீட்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

கல்கத்தாவின் பதினாறு பேர் நினைவு என்ன ஆயிற்று? அவர்களுக்காக மன்னா டே வங்காளியில் பாடிய பாட்டு வீடுதோறும் கேட்டது. அதைக் காட்டிலும் மேலான காரியம் ஒன்றும் நடந்தது. ஆகஸ்டு 16-ம் தேதி கால்பந்து அன்பர் தினமாயிற்று. அந்த நாளில் ரத்ததான முகாம் நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. எந்தத் தேதியில் ரத்தம் வீணே சிந்தியதோ, அதே தேதியில் முன்பின் தெரியாதவர் பிழைப்பதற்காக ரத்தம் கொடுக்கிறார்கள். கொடுத்தவர் எந்தக் கட்சி என்று அதைப் பெறுகிற நோயாளி கேட்பதில்லை. இதைவிடச் சிறந்த ஞாபகச் சின்னத்தைக் கல்லிலே செதுக்க முடியுமா?

2024-ம் வருஷம் ஆகஸ்டு 18-ம் தேதி இன்னோர் அதிசயம் நடந்தது. கல்கத்தா ஆஸ்பத்திரி ஒன்றில் பெண் டாக்டர் ஒருவர் கொலையுண்டதைக் குறித்து நகரம் கொதித்திருந்த சமயம். இரு சங்கங்களுக்கும் நடக்கவிருந்த ஆட்டத்தை அதிகாரிகள் ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் ரஸிகர்கள் வந்தார்கள். நூறு வருஷப் போட்டியாளர்கள் தோளோடு தோள் நின்று, அந்தப் பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்று ஒரே குரலில் முழங்கினார்கள். ஒரு காலத்தில் எதிரெதிரே கல் எறிந்த அதே அபிமானந்தான் அன்று ஒன்று சேர்ந்து நின்றது.

ஆகவே கூட்டத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அதை வெறுக்கவும் வேண்டாம். 1997 ஜூலை 13-ம் தேதி, இதே இரண்டு சங்கங்களின் ஆட்டத்தைக் காணக் கல்கத்தா உப்பு ஏரி மைதானத்தில் 1,31,781 பேர் கூடியதாகக் கணக்கு. கூட்டத்தின் பெருக்கம் மட்டுமே ஆளைக் கொல்வதில்லை. குறுகின வழியும், பூட்டிய கதவும், பொறுப்பற்ற ஏற்பாடும், அவற்றோடு ஒருவன் எறியும் முதல் கல்லுமே கொல்லுகின்றன.

நம்மூர்ப் பொட்டலில் பந்தயம் வைத்தாலும் சரி, திருவிழா நடத்தினாலும் சரி, பரிசுக் கோப்பைக்கும் பந்தலுக்கும் பணம் வசூலிப்பதற்கு முன்னால், “உள்ளே வந்தவர்கள் வெளியே போக வழி எத்தனை?” என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்கட்டும். நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக் கொடுப்போம். எதிர்க்கட்சி இல்லாமல் ஆட்டமே கிடையாது. எதிரே ஆடுகிறவன் நம் பகைவன் அல்லன். நமக்கு விளையாட்டைத் தருகிறவன்.